நிறுத்துறதுக்கா ஆறு மாசம்?



போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். என்ன வேலைப்பா என்றேன். "ஓடுற புரோகிராமை நடுவுல நிறுத்திப் பிழை தேடுற டிபக்கர் இருக்கு டீச்சர். விண்டோஸ்ல வேலை செய்யுது. லினக்ஸ்லயும் நிறுத்த வைக்கணும். ஆறு மாசமா இதேதான்."

"நிறுத்துறதுக்கா ஆறு மாசம்?" என்று சிரித்துவிட்டேன். பையன் முகம் வாடிவிட்டது. அவன் கணக்கில் பூஜ்யம் வாங்கியபோதுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

காபி ஆறும்வரை பொறுமையாக விளக்கினான். டிபக்கர் தானாக எதையும் நிறுத்த முடியாதாம். இன்னொரு புரோகிராமின் நினைவகத்தைத் தொட இயங்குதளம் விடாது. அதனிடம்தான் கேட்க வேண்டும். லினக்ஸில் கேட்கும் வழிக்கு பிட்ரேஸ் என்று பெயர். ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே சமயம் ஓடும், அவை த்ரெட். நிறுத்தப் புள்ளியில் ஒரு த்ரெட் வந்து மாட்டினால், விண்டோஸ் டிபக்கருக்குச் சொல்லும்போதே மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிடும். லினக்ஸில் மாட்டியது மட்டும்தான் நிற்கும். மீதியை டிபக்கர் ஒவ்வொன்றாகத் தேடி நிறுத்த வேண்டும். அதற்குள் புதிதாக ஒன்று பிறந்துவிட்டால் அதையும் பிடிக்க வேண்டும்!

ஒரே மணியில் அடங்கும் வகுப்பும் உண்டு, பெயர் சொல்லிப் பெயர் சொல்லி உட்கார வைக்கும் வகுப்பும் உண்டு. எனக்குத் தெரியாததா?

"போன வாரம்தான் டீச்சர், எல்லாம் சேர்ந்து நின்னுச்சு" என்றான் கிளம்பும்போது.

தம்பி, நீ இதைப் படிப்பாய். சிரித்ததற்கு மன்னிச்சுக்கோப்பா.