கேட்டால்தான் கிடைக்கும்

கலிபோர்னியாவிலிருந்து ஒரு மடல்



ஆகஸ்ட் பிறந்தால் இங்கே கல்லூரி விடுதிகளின் வாசலில் கார்கள் வரிசை கட்டும். ரைஸ் குக்கரோடு பிள்ளையை இறக்கிவிட்டுக் கண்கலங்கும் தமிழ்ப் பெற்றோரும் அதில் உண்டு. பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியாவோ செவித்திறன் குறைவோ இருந்தால், அவர்களுக்குக் கவலை இரட்டிப்பு.

இத்தகைய பிள்ளைகளைப் பள்ளிவரை காப்பது ஐ.டி.இ.ஏ. என்ற மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம். அது 1975இல் வேறு பெயரில் வந்தது. குறைபாட்டைக் கண்டறிவதும் அதற்கான சோதனைச் செலவும் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. ஆசிரியர்களும் பெற்றோரும் கூடி ஐ.இ.பி. என்ற தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவார்கள். ஆண்டுதோறும் அதைச் சரிபார்ப்பார்கள். தேவைப்பட்டால் பாடச்சுமையையும் குறைப்பார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்தச் சட்டம் விலகிக்கொள்கிறது. கல்லூரியில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும், 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும்தான் துணை. இவை பாரபட்சத்தைத் தடுக்கும், தேர்ச்சிக்குப் பொறுப்பேற்காது. மாணவரே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்தைத் தேடிப் போய், சான்று காட்டிக் கேட்க வேண்டும். பழைய ஐ.இ.பி. மட்டும் பல இடங்களில் செல்லாது. புதிய சோதனைக்குப் பெரும்பாலும் குடும்பம்தான் செலவழிக்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், அமைதியான அறை, குறிப்பெடுக்க உதவி, சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் எல்லாம் கிடைக்கும். ஆனால் பாடத்தின் அடிப்படைத் தரத்தைத் தளர்த்த மாட்டார்கள். குளிக்க, உடுத்தத் துணையாள் தர மாட்டார்கள்.

கல்விப் பதிவுகள் மீதான உரிமையும் கல்லூரியில் சேர்ந்ததும் மாணவருக்குப் போய்விடுகிறது. கட்டணம் கட்டும் அப்பாவே போன் செய்தாலும், "பிள்ளையின் சம்மதம் இருக்கிறதா?" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள்.

இப்படிக் கேட்டுப் பெறுவதற்கு முன்னோடிகள் உண்டு. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ், 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் மூச்சுவிட உதவிய ‘இரும்பு நுரையீரல்’ கருவிக்கு விடுதியில் இடமில்லாததால் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அன்று இந்தச் சட்டங்கள் ஒன்றுமே இல்லை. அவரும் அவரைப்போன்ற மாணவர்களும் விடாமல் கேட்டதால்தான் 1970இல் அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது.

இன்று கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம் வீடுகளில்தான் 'வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும்' என்று பிள்ளையின் வாயை அடைக்கிறோம். பள்ளியில் அம்மா பேசி வாங்கிக் கொடுத்தே பழகிய மாணவர், கல்லூரியில் என்ன கேட்பதென்று தெரியாமல் முதல் பருவத்திலேயே தடுமாறுகிறார்.

பெற்றோரே, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஐ.இ.பி. கூட்டத்தில் பிள்ளையைப் பேசவிடுங்கள். தன் குறை என்ன, தனக்கு எது தேவை என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும்.