நண்டின் நிறம்

"இது வெந்த நண்டு சார்" என்றான் அந்தப் பையன்.

என் கையில் இருந்தது ஜப்பானிய மொழிப் பாடநூலின் மாதிரிப் பக்கம். கடல் உணவுகளின் பெயர்களைச் சொல்லித்தரும் பாடம் அது. 'கனி' என்ற சொல்லுக்கு மேலே நல்ல சிவப்பில் ஒரு நண்டு. கனி என்றால் ஜப்பானிய மொழியில் நண்டு. ஓவியர் பொறுமையாக, கால் காலாக வரைந்திருந்தார். சென்னையில் நான்கு பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த படம். மீமிசலில் ஏழாம் வகுப்பு முடித்திருந்த பையனுக்கு ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

"உசுரோட இருக்கிறது இப்படிச் செவப்பா இருக்காது. ஆண் நண்டு நீலம். பொட்டை நண்டு பழுப்பு."

பக்கத்தில் இருந்த சிறுமி சேர்த்துக்கொண்டாள்: "சட்டியில போட்டாத்தான் செவக்கும்."

நான் சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறவன். பள்ளிப் பிள்ளைகளுக்கான மூன்று புத்தகங்கள் கொண்ட பழைய பாட வரிசை ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் மீமிசலுக்குப் போனேன். கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஊர். ஜப்பானிய மொழிக்கும் அந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் அங்கே ஓர் ஆசிரியை இருக்கிறார். தமிழ்ப் பாடநூல் எழுதும் பயிலரங்குகளுக்குப் போய் வந்தவர். அதைவிட முக்கியம், அச்சாகி வந்த புத்தகத்தை வகுப்பில் நடத்தும்போது எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்குகிறார்கள் என்று ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்திருப்பவர்.

மே மாதம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை. நாட்டுப்படகுகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. பள்ளி விடுமுறை. ஆசிரியை வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்திருந்தார். பாடநூல் வேலையின் பாதி இந்தத் திண்ணையில்தான் நடக்க வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

பழைய வரிசையில் என்ன குறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உரையாடல்களில் தொலைநகல் இருந்தது, கேசட் நாடா இருந்தது. இது எல்லா மொழிப் புத்தகத்துக்கும் வருகிற மூப்பு. உலகெங்கும் ஜப்பானியம் கற்பவர்கள் கையில் இருக்கும் 'மின்னா நொ நிஹொங்கோ' 1998இல் வந்தது. 2012இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது தொலைபேசி அட்டை, டேப் ரெக்கார்டர் போன்ற சொற்கள் வெளியேறின. பொருள்களை மாற்றுவது எளிது. கடினமானது வேறு. அந்தப் புத்தகம் பெரியவர்களுக்கானது. அதன் முதல் பாடத்திலேயே 'நிறுவன ஊழியர்' என்ற சொல் வந்துவிடும். இந்திய நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் 2006 முதல் ஆறாம் வகுப்பிலிருந்தே ஜப்பானிய மொழியை எடுத்துப் படிக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளை முதல் வாரத்தில் 'நான் நிறுவன ஊழியர்' என்று சொல்லிப் பழகினால், அந்த மொழி அதன் நாக்கில் ஒட்டுமா? என் பழைய வரிசையும் இந்த அச்சில் வார்த்ததுதான்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. எல்லா இலக்கண விளக்கமும் ஆங்கிலத்தின் வழியாக வந்தது.

இதைத் திண்ணையிலேயே சோதித்துப் பார்த்தோம். 'நான் பேருந்தில் மீமிசலுக்குப் போகிறேன்' என்று பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஜப்பானியச் சொல்லை எழுதினேன். சொல்வரிசை அப்படியே பொருந்தியது. எழுவாய் முதலில், வினைமுற்று கடைசியில். 'இல்' இருக்கும் இடத்தில் 'தெ', 'கு' இருக்கும் இடத்தில் 'நி'. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆங்கில வழியாகப் போனால் வாக்கியத்தை ஒருமுறை தலைகீழாகப் புரட்டி, மறுபடி நிமிர்த்த வேண்டும்.

'சாப்பிட்டுப் பார்' என்பதற்கு ஜப்பானியத்தில் 'தபெதெ மிரு'. 'மிரு' என்றால் பார்த்தல். முயன்று பார் என்ற பொருளுக்கு இரண்டு மொழியிலும் அதே கண்தான் வேலை செய்கிறது. பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டு, ஓடிப் பார், எழுதிப் பார் என்று தாங்களே கேட்கத் தொடங்கினார்கள். சுட்டுச் சொல்லும் அப்படித்தான். ஜப்பானியத்தில் கொரே, சொரே, அரே என்று மூன்று. பேசுகிறவர் அருகில், கேட்பவர் அருகில், இருவருக்கும் தொலைவில். நம் பேச்சில் இன்று இது, அது என்று இரண்டுதான். ஆனால் அ, இ, உ மூன்றையும் சுட்டாகச் சொல்கிறது தொல்காப்பியம். யாழ்ப்பாணத்தில் 'உது' இன்றும் உயிரோடு இருக்கிறது. 'சொரே' என்பதற்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் விளக்கம் எழுதுவதைவிட, 'உது' என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது. புதிய வரிசையில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து, இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. மூதாதை ஒன்றோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒன்றுபோல் இருப்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. வகுப்பறைக்கு அது போதும்.

ஒரு தவற்றையும் அன்று கண்டுபிடித்தோம். ஜப்பானியச் சொற்களைத் தொடக்கத்தில் தமிழ் எழுத்தில் தரலாம் என்று எண்ணியிருந்தேன். பேருந்துக்கான சொல்லை எழுதினால் 'பசு' என்று வந்து நிற்கிறது. பிள்ளைகள் மாட்டில் ஏறி மீமிசலுக்கு வந்துவிட்டார்கள். ஒலி வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாத இடங்களில் இப்படித்தான் ஆகும். எனவே முதல் பாடத்திலிருந்தே ஜப்பானிய எழுத்துதான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அவர்கள் ஊர்ப் பெயரை அந்த எழுத்தில் எழுதிக் காட்டினேன். அதில் லகரம் கிடையாது. 'மீமிசரு' என்று ஆனது. ஆளுக்கொரு தாளில் அதைப் பார்த்து எழுதி மடித்து வைத்துக்கொண்டார்கள்.

மதியம் ஆசிரியை தம் குறிப்பேட்டை எடுத்து வந்தார். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2017இல் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்துத் திருத்தப்பட்டது. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கும் 2019இல் மற்ற வகுப்புகளுக்கும் புதிய நூல்கள் வந்தன. ஆறாம் வகுப்புத் தமிழில் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' படக்கதையாக இடம்பெற்றது. குறிப்பேட்டின் முதல் பக்கமே அதைப் பற்றியதுதான்.

"மத்த ஊர்ல அது வெளிநாட்டுக் கதை சார். இங்க அது அவங்க தாத்தா கதை" என்றார். அந்த வயதான ஆள் ஏன் துணையில்லாமல் தனியாகப் போனார் என்று ஒரு பிள்ளை கேட்டதாம். அவர் பிடித்த மீன் கிடைக்கும் கடல் எத்தனை ஆழம் என்று இன்னொரு பிள்ளை. மீமிசலுக்கு முன்னால் இருக்கும் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர்கூட ஆழமில்லாதது. அந்தக் கேள்வி அந்தக் கரையில்தான் பிறக்க முடியும். "எழுதுறவங்களுக்குத் தோணாதது பிள்ளைங்களுக்குத் தோணும். அதை அன்னிக்கே எழுதி வைக்கலேன்னா போயிரும்."

பன்னிரண்டு வகுப்புகளின் நூல்களும் இரண்டு கல்வியாண்டுகளில் வந்தது பெரிய உழைப்பு. எழுதியவர்கள், மேலாய்வு செய்தவர்கள், ஓவியர்கள், பக்கம் வடிவமைத்தவர்கள் என ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் அவர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் ஒரு பாடத்தை அச்சுக்கு முன் வகுப்பில் நடத்திப் பார்த்து, திருத்தி, மறுபடி நடத்திப் பார்க்க நேரம் எப்படிக் கிடைக்கும்? இந்தத் தொழிலில் நான் மதிக்கிற பகுதி அந்த ஒத்திகைதான்.

பாடத்திட்டத் திருத்தம் என்றதும் ஜப்பானும் நினைவுக்கு வருகிறது. அங்கே தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தை ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், பிள்ளைகள் கற்க வேண்டிய, சீனத்திலிருந்து வந்த 'கஞ்சி' எழுத்துகள் 1006 என்பது 1026 ஆனது. சேர்ந்த 20 எழுத்துகளும் மாவட்டங்களைப் போன்ற பெரும் நிருவாகப் பகுதிகளின் பெயர்களில் வருபவை. ஓசாக்காவில் வரும் எழுத்து, குமமோட்டோவில் வரும் 'கரடி', ககோஷிமாவில் வரும் 'மான்'. அதுவரை சொந்த ஊர்ப் பெயரின் ஓர் எழுத்து தொடக்கப் பள்ளிப் பட்டியலில் இல்லாத பிள்ளைகள் அந்த நாட்டில் இருந்தார்கள். இப்போது நான்காம் வகுப்பிலேயே எல்லாரும் அவற்றைக் கற்கிறார்கள். 'மீமிசரு' தாள்களை மடித்து வைத்த கைகளைப் பார்த்த பிறகு, அந்த 20 எழுத்துகளின் அருமை எனக்குக் கூடிவிட்டது.

சென்னை திரும்பியதும் ஓவியரிடம் நண்டைச் சொன்னேன். அவர் வருந்தவில்லை, ஆண், பெண் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். படங்கள் மீமிசலில் இருந்து வந்தன. பக்கம் வடிவமைக்கும் தம்பிக்கு ஜப்பானியம் தெரியாது. கஞ்சியின் தலைமேல் சிறிய உச்சரிப்பு எழுத்து நகர்ந்துவிடாமல் ஒவ்வொன்றையும் படம்போலப் பார்த்துப் பொருத்துகிறார். நண்டோடு கணவாய், இறால் இரண்டுக்கும் தனிப் படம் கேட்டதில் பாடம் ஒரு பக்கம் நீண்டது. பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் அது இடித்தது. சொற்பட்டியலைக் குறுக்கி இடம் பண்ணினோம்.

மொழிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தடுக்கிய இடம், கேட்ட கேள்வி, தவறென்று காட்டிய படம், எல்லாவற்றையும் உங்கள் புத்தகத்தின் ஓரத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆண்டு முடிந்ததும் அந்தப் புத்தகத்தைப் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். அடுத்த பதிப்பை எழுதப் போகிறவருக்கு அது வேண்டும்.