வாளை உருவாத ராஜா

ஷிராஸிலிருந்து டாக்சி கிளம்பும்போது இன்னும் விடியவில்லை. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்க வைக்கிற குளிர். வழியில் ஓட்டுநர் சுடச்சுடக் கடுந்தேநீர் வாங்கித் தந்தார். ஈரானில் சர்க்கரையைக் கலக்கமாட்டார்களாம். கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். என் கட்டி முதல் மடக்கிலேயே காணாமல் போனது. சிரித்தபடி இன்னொன்றை நீட்டினார்.

பெர்செபோலிஸுக்குப் பக்கத்தில்தான் நக்ஷ்-இ-ருஸ்தம். செங்குத்துப் பாறையில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், சிலுவை வடிவில் குடைந்த தாரியஸின் கல்லறை. அதன் சிற்பத்தில் ராஜா கையில் வில்லோடு நிற்கிறார். அவர் நிற்கும் மேடையைச் சுமப்பவர்கள் 30 நாட்டு ஆட்கள். சிந்து நதிக்காரர் ஒருவரும் உண்டு என்று படித்திருந்ததால், கழுத்து வலிக்கத் தேடினேன். அவ்வளவு உயரத்தில் யார் யாரென்று எங்கே தெரிகிறது!

சுமார் 700 ஆண்டு கழித்து வந்த சாசானிய மன்னர்கள் அதற்குக் கீழேயே தங்கள் சிற்பங்களுக்கு இடம் பிடித்துவிட்டார்கள். அர்தஷீர் குதிரைமேல், எதிரே கடவுள் அஹுரமஸ்தாவும் குதிரைமேல், அதிகார வளையத்தை நீட்டுகிறார். ராஜாவின் குதிரைக்கடியில் 224-இல் தோற்ற பார்த்திய மன்னர் அர்தவான். கடவுளின் குதிரைக்கடியில் தீமையின் தலைவன் அஹ்ரிமன். முயலகனை மிதிக்கும் நடராஜரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அங்கே மிதிப்பது சாமி. இங்கே ராஜாவும் சாமியும் ஒரே உயரம், ஆளுக்கொரு எதிரி! என்ன துணிச்சல்!

குதிரைகள்தான் பாவம். ராஜா காலை நீட்டினால் தரை தட்டிவிடும் போல அத்தனை சின்னவை.

இன்னொரு சாசானிய மன்னர் ஷாபூரின் சிற்பத்தின் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். ரோமப் பேரரசர் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார், பிலிப் என்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் 260-இல் உயிரோடு பிடிபட்ட இன்னொரு ரோமப் பேரரசர் வலேரியனாம். ஷாபூரின் வாள் உறையிலேயே இருக்கிறது. வலேரியனின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு பேரரசரையே பிடித்துவிட்ட கை, துளி அவசரமில்லை. மண்டியிட்டவரின் மேலாடை பறக்கிறது, கைகள் கெஞ்சுகின்றன. பதற்றமெல்லாம் தோற்றவர் பக்கம். வாளை ஓங்கியிருந்தால் இத்தனை பயந்திருக்கமாட்டேன்.

இரண்டாம் ஹோர்மிஸ்த் சிற்பத்தில் நிஜமான சண்டையே நடக்கிறது. ஈட்டி குத்திய வேகத்தில் எதிரி குதிரையோடு தலைகுப்புறக் கவிழ்கிறான். அப்போதும் ராஜாவின் முதுகு வளையவில்லை! நான் குளிரில் கூனிக் குறுகி அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டுநர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பெர்செபோலிஸ் இன்னும் பாக்கி.