90 என்று பொறித்த ஜெட்

2022 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. அதையும் வாங்குவதென்றால் முதல்நாள் இரவே வண்டியை வரிசையில் விட்டுவிட்டு வரவேணும். பிறகு கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானபோது ஊரில் எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கட வீட்டில் மட்டும் வரவில்லை. அப்பாவின் ஹொண்டா சி.டி. 125 பென்லி அந்த 4 லீற்றரையும் மூன்று நாளில் குடித்துவிடும்.

சும்மா வாயால் சொல்லக்கூடாது என்று ஒருநாள் ராங்கை முழுக்க வடித்துவிட்டு, அளந்து ஒரு லீற்றர் ஊற்றி, தானாக நிற்கும்வரை ஓடினேன். 24 கிலோமீற்றர். இதே வண்டி வைத்திருக்கிற பக்கத்து ஒழுங்கைக்காரர் தன்னுடையது 40 ஓடுது என்றார். எங்களுடையதுக்குப் பின்னால் கறுப்புப் புகை. விறாந்தை முழுக்கப் பெற்றோல் மணம்.

"காபரேற்றரைக் கழட்டிப் பார்க்கட்டே அப்பா?"

"அதைக் கிண்டாத. ஓடுதுதானே."

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஆனால் இந்த வண்டி விசயத்தில் அவர் ஒருக்கால் சொன்னால் அதோடு கதை முடிந்தது. அந்த வருசம் நான் கிண்டவில்லை. வரிசைகள் முடிந்து, கியூஆரும் போன பிறகு, அப்பா வவுனியாவில் மாமி வீட்டுக்கு ஒரு கிழமை போன நேரம் பார்த்துத்தான் கழட்டினேன். பிழைதான். ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் பிளக். இந்த வண்டிக்கு இரண்டு சிலிண்டர், ஆனால் காபரேற்றர் ஒன்றுதான். நோயைக் கண்டுபிடிக்க இது நல்ல வசதி. ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பக்கத்துப் பொறியில் பிழை தேடலாம். இரண்டும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் இரண்டுக்கும் பொதுவானதில்தான் பிழை: எயார் பில்டர், இல்லாவிட்டால் காபரேற்றர். எங்களுடையது இரண்டும் விளக்குக் கரி பூசினமாதிரி இருந்தது. புது எயார் பில்டர் போட்டும் புகை குறையவில்லை. மிச்சம் காபரேற்றர்.

காபரேற்றர் என்பது பெரிய மந்திரம் இல்லை. எஞ்சின் இழுக்கிற காற்று ஒரு ஒடுங்கின கழுத்துக்குள்ளால் வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறையும். கீழே கிண்ணத்தில் இருக்கிற பெற்றோல் ஜெட் என்கிற பித்தளைத் துண்டின் சின்ன ஓட்டைக்குள்ளால் மேலே ஏறிக் காற்றோடு கலக்கும். ஒரு கிராம் பெற்றோல் முழுசாய் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேணும். அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் ஜெட்டின் வேலை. அக்சிலேற்றரைக் கொஞ்சம் முறுக்கினால் பைலட் ஜெட், பாதியில் ஊசி, முழுக்க முறுக்கினால் மெயின் ஜெட் என்று பெற்றோலை ஒவ்வொன்று அளந்து விடும். அதனால் எந்த இடத்தில் வண்டி இழுபடுகிறது என்று தெரிந்தால், எதைத் தொடவேணும் என்றும் தெரியும்.

கிண்ணத்தைக் கழற்றியபோது உள்ளே பிசின் காய்ந்து கிடக்கும் என்று நினைத்தேன். பழைய வண்டிகளில் பெற்றோல் நின்று காய்ந்து அப்படித்தான் ஆகும். ஆனால் இது பளிச்சென்று இருந்தது. காரணம் அப்பாவின் ஒரு பழக்கம். வீட்டுக்கு வரும்போது ஒழுங்கை முடக்கிலேயே குனிந்து ராங்குக்குக் கீழே இருக்கிற பெற்றோல் வால்வைப் பூட்டிவிடுவார். கிண்ணத்தில் மிஞ்சினது முடிய, வண்டி படலையடியில் தானாக நிற்கும். "ஒரு சொட்டை மிச்சம் பிடிக்கிறார்" என்று நானும் தங்கச்சியும் எத்தினை தரம் சிரித்திருப்போம். அந்தச் சொட்டுத்தான் காபரேற்றரைக் காப்பாற்றியிருக்கிறது.

மெயின் ஜெட்டைக் கழற்றினேன். இதற்கு வாய் சரியாகப் பொருந்துகிற ஸ்குறூ டிரைவர் வேணும். பித்தளை மெது, சறுக்கினால் தலை போய்விடும். இன்னொன்று, அடைத்திருக்கிறது என்று ஜெட்டுக்குள் கம்பி விடக்கூடாது. ஓட்டை பெருத்துப்போகும். ஊதித்தான் சுத்தமாக்க வேணும். ஜெட்டில் 90 என்று பொறித்திருந்தது. ரவுணில் ஒரு பாட்ஸ் கடையில் அதே அளவில் புதுசு கேட்டேன். கடைக்காரர் பழையதை வாங்கி ஒருக்கால் பார்த்துவிட்டு, "தம்பி, நம்பரைப் பார்க்காதையும், ஓட்டையைப் பாரும்" என்றார்.

இரண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். நம்பர் ஒன்று, ஓட்டை வேறு. பழையதில் உள்விளிம்பு முழுக்கச் சுரண்டின கோடுகள். தேய்ந்த ஓட்டை இல்லை, யாரோ வேண்டுமென்றே பெருப்பித்த ஓட்டை. விட்டத்தில் பத்து வீதம் கூடினால் பரப்பில் 21 வீதம் கூடும். பெற்றோல் போன வழி தெரிந்துவிட்டது.

புது ஜெட்டைப் போட்டதும் எல்லாம் சரி என்று நினைத்தேன். முழு வேகத்தில் சரி. பாதி முறுக்கில் இன்னும் புகை. திரும்பக் கழற்றினால், ஊசியில் கிளிப் ஆகக் கடைசிக் காடியில் கிடக்கிறது. கிளிப் கீழே இருந்தால் ஊசி மேலே ஏறும், பெற்றோல் கூடப் போகும். அதை நடுக்காடிக்கு மாற்றினேன். கடைசியாகப் பைலட் ஸ்குறூ. இதில் ஒன்றைக் கவனிக்க வேணும்: ஸ்குறூ எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கும், இறுக்கினால் கலவை தடிக்கும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோலை அளக்கும், இறுக்கினால் கலவை மெலியும். எதுவென்று பார்க்காமல் முதல்நாள் நான் முறுக்கி, ஒரு பின்னேரம் வீணாய்ப் போனது. எஞ்சின் வடிவாய்ச் சூடான பிறகு, மெதுவாய் முழுக்கப் பூட்டி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கேயிருந்து கால் சுற்றுக் கால் சுற்றாய்த் திருப்பி, சத்தம் ஆகக் கூடி நிதானமாகும் இடத்தில் விடவேணும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேணும். இரண்டை மாற்றினால் எது திருத்தினது, எது கெடுத்தது என்று தெரியாது.

அப்பா வந்த அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைக் கிக் பண்ணினவர் ஒரு நிமிசம் அப்படியே நின்றார்.

"கழட்டினனி என்ன?"

"ஓம்."

"பழைய ஜெட் எங்க? எறிஞ்சிட்டியோ?"

ஏச்சு விழும் என்று காத்திருந்த எனக்கு இந்தக் கேள்வி விளங்கவில்லை. நெருப்புப் பெட்டிக்குள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, கடைக்காரர் பிடித்த மாதிரியே வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இது நான் பெருப்பிச்சது. மணிக்கூடு திருத்துறவரிட்ட ஒரு சின்ன அரம் வாங்கி, ரெண்டு இரவு இருந்து."

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின கதை எங்களுக்கெல்லாம் தெரியும். அதை ஒரு பகிடி மாதிரித்தான் வீடுகளில் சொல்லுவார்கள். கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதைச் சொட்டாய் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைவிடத் தடிப்பு, லேசில் ஆவியாகாது, சின்ன ஓட்டைக்குள்ளால் போதுமான அளவு ஏறாது. அதற்குத்தான் அந்த அரம். அதற்குத்தான் கடைசிக் காடியில் கிளிப். நான் பிழை என்று நினைத்தது முழுக்க அப்பாவின் கணக்கு.

"பிறகு பெற்றோல் வந்ததுதானே. ஏன் மாத்தேல்லை?"

"எப்ப மாத்திறது? தொண்ணூற்றஞ்சில இடம்பெயர்ந்தம். திரும்பி வந்து, பாதை திறந்து, சரி இனி மாத்துவம் எண்டு இருக்க, 2006இல பாதை பூட்டினாங்கள். பேந்தும் இல்லை. பிறகு போன முறை, நீயே லைனில நிண்டனி."

2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டுப்பட்டபோது எனக்கு ஆறு வயது. அப்பா வண்டியைச் சாக்கால் மூடி வைத்திருந்தது மட்டும் ஞாபகம். நான் பதில் சொல்லவில்லை. அவர்தான் கேட்டார்:

"பெரிய றோட்டில விட்டுப் பார்த்தனியோ?"

மெயின் ஜெட்டைச் சோதிக்க நீளமான றோட்டு வேணும். மூன்றாம் கியரில் முழுக்க முறுக்கிக் கொஞ்சத் தூரம் ஓடி, அப்படியே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிப்பாட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேணும். மெதுவாக ஓடிவந்து நிப்பாட்டினால் பிளக் சொல்வது பைலட் ஜெட்டின் கதை. செம்மணி தாண்டி நாவற்குழிப் பக்கம் போனோம். அப்பா பின்னால் இருந்தார். பாலத்துக்குக் கிட்ட எஞ்சினை வெட்டி, ஓரமாக உருட்டி நிறுத்தினேன். காற்றுச் சத்தம் மட்டும். பிளக்கைக் கழற்றினேன். இரண்டும் பால் தேத்தண்ணிக் கலர்.

அப்பா பிளக்கைப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு இதில இது ஓடேல்லை" என்றார். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் இந்தப் பாதையால் வெளிக்கிட்ட இரவு. அப்பம்மாவைச் சீற்றில் இருத்திக்கொண்டு வந்திருக்கிறார். சனத்துக்குள்ளே அடி அடியாய் ஊர மண்ணெண்ணெய் எஞ்சினால் ஏலாது. நிற்க நிற்க நூர்ந்துவிடும். போத்தல் பெற்றோலும் ஸ்ராட் பண்ணிப் பண்ணியே முடிந்துவிட்டது. மழை. சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டே போனாராம், அப்பம்மா மேலே இருக்க.

"ராங்கில இருந்த மண்ணெண்ணெயைத்தான் பிறகு வடிச்சு வடிச்சு விளக்குக்கு ஊத்தினம். ஒரு கிழமைக்கு மேல காணும் அது."

இவ்வளவு வருசத்தில் அப்பா இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லென்று நானும் கேட்டதில்லை. வண்டியில் பிழை எங்கே என்று தேடின அளவுக்கு, ஏன் அப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை திரும்ப ஒரு லீற்றர் ஊற்றி ஓடினேன். 37 கிலோமீற்றர். 40 வரவில்லையே என்று சொன்னபோது அப்பா சிரித்தார்.

"வராது. ஹெட்டுக்குக் கீழ ரெண்டு காஸ்கெற் கிடக்கு. மண்ணெண்ணெய்க்கு இடிக்காமல் இருக்கக் கொம்பிரசனைக் குறைச்சு விட்டனான்."

நெருப்புப் பெட்டியை அவர் அலுமாரிக்குள், அடையாள அட்டை வைக்கிற தட்டில் வைத்திருக்கிறார். எறியச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஒழுங்கை முடக்கில் இப்பவும் வால்வைப் பூட்டுகிறார். இப்போது நானும் பூட்டுகிறேன்.

ஹெட்டை இன்னும் கழற்றவில்லை. "அதைத் தனியக் கழட்டாத, நானும் நிக்க வேணும்" என்று சொல்லியிருக்கிறார்.