127 டிகிரி காய்ச்சல்!

அம்மாச்சிக்குக் காய்ச்சல் 'நூத்திரண்டு'. அதே நாள் டி.வி. செய்தியில வெயில் 'முப்பத்தொன்பது'. அப்போ வெயிலைவிட அம்மாச்சிதான் சூடா? இல்லீங்க. காய்ச்சல் ஃபாரன்ஹீட், வெயில் செல்சியஸ். கணக்குப் போட்டுப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு! இது நமக்குத் தெரியும், அதனால யாரும் குழம்புறதில்லை. ஆனா என்ன யூனிட், எங்கே அளந்ததுன்னு சொல்லாம வெறும் நம்பரை மட்டும் நீட்டினா?

ஆயக்குடியில என் நண்பனுக்கு அதுதான் நடந்துச்சு. கொய்யா வித்த காசுல அவன் அப்பா வாங்கித் தந்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். அதுல லினக்ஸ் போட்டு, 'சென்சார்ஸ்'னு ஒரு கமாண்ட் அடிச்சான். டெம்ப்1: 38. டெம்ப்2: 46. டெம்ப்3: 127! பதறிப்போய் ஒரு கடையில கேட்டா, "போர்டு போயிருச்சு தம்பி, நாலாயிரம் ஆகும்"னுட்டாங்க. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

"டேய், தண்ணியே நூறுல கொதிச்சிரும். நூத்தி இருபத்தேழுல உன் போர்டு சும்மா உட்கார்ந்திருக்குமா?"ன்னேன். ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணி வெச்சு, காலையில ஆன் பண்ணினோம். முதல் நிமிஷமே 127. கொடைக்கானலுக்குத் தூக்கிட்டுப் போனாலும் அதேதான் காட்டும். ஏன்னா அந்த மூணாவது காலுக்கு சென்சாரே இணைக்கலை. ப்ளஸ், மைனஸ் குறியோட எட்டு பிட்டுல எழுதக்கூடிய பெரிய எண் 127. சிப் அதைத்தான் ஒப்பிச்சுட்டு இருந்திருக்கு.

கொய்யா சந்தையில ஆளுக்கொரு சைஸ்ல பெட்டி வெச்சிருந்தா விலை பேச முடியுமா? லினக்ஸ்லயும் ஒரு காலத்துல அந்தக் கதைதான். எல்எம்75 சிப் அரை டிகிரிக்கு ஒரு எண்ணிக்கைன்னு சொல்லும். இன்னொரு சிப் முழு டிகிரியா சொல்லும். புது சிப் வந்தா டிரைவர் மட்டும் எழுதினாப் பத்தாது, அதைப் படிக்கிற லைப்ரரியிலயும் கை வைக்கணும்.

2003 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 2.6-ல இருந்து இது ஒழுங்குக்கு வந்துச்சு. எந்த சிப்பா இருந்தாலும் சூடுன்னா 'டெம்ப்1_இன்புட்' மாதிரி ஒரே பாணியில ஃபைல் பேரு. யூனிட், செல்சியஸ்ல ஆயிரத்தில் ஒரு பங்கு. 46 டிகிரின்னா 46000. கெர்னல் தசமப் புள்ளிக் கணக்கைத் தவிர்க்கும், அதனாலதான் இந்த முழு எண். 2007-ல வந்த எல்எம்-சென்சார்ஸ் 3.0 இந்தப் பொது விதியை நம்பியே எழுதப்பட்டது. அதுக்கப்புறம் ஒவ்வொரு சிப்பையும் லைப்ரரிக்கு அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இல்லாமப் போச்சு.

இதுல எனக்குப் பிடிச்சது வேலைப் பிரிவினைதான். சிப் சொல்றதை மட்டும் டிரைவர் சொல்லணும். 'டெம்ப்2-தான் ப்ராசஸர்', 'டெம்ப்3-ஐக் கண்டுக்காதே'ங்கிற சங்கதி எல்லாம் கான்ஃபிக் ஃபைலோட பொறுப்பு. ஏன்னா ஒரே சிப்பை ஒவ்வொரு மதர்போர்டு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி இணைக்குது. அது டிரைவருக்கு எப்படித் தெரியும்?

நண்பன் கான்ஃபிக் ஃபைல்ல சேர்த்தது ஒரே ஒரு வரி. 'இக்னோர்' போட்டு, பக்கத்துல டெம்ப்3. நாலாயிரம் மிச்சம்! 127-உம் காணாமப் போச்சு.

ஆனா ஃப்ரெண்ட்ஸ், விதி பொதுவா வந்தாச்சே தவிர, ஒவ்வொரு போர்டுக்கும் அந்த ரெண்டு மூணு வரியை யாராவது எழுதித்தான் ஆகணும். எல்எம்-சென்சார்ஸ் தொகுப்புல இருக்கிற போர்டு ஃபைல்கள்ல பல, அந்தந்த போர்டை வெச்சிருந்தவங்க எழுதி அனுப்பினதுதான். உங்க ஹாஸ்டல் ரூம்ல தூங்குற பழைய கம்ப்யூட்டருக்கு அப்படி ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ரொம்ப நல்லது... எழுதப்போறது நீங்கதான்!