வாய் பார்க்கும் வேலை

எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு சின்ன இல்லத்துக்குப் போக ஆரம்பித்தேன். மொத்தம் 12 கட்டில்கள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்ட புற்றுநோயாளிகள், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் அங்கே வந்து படுத்திருப்பார்கள். முதல் நாள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கப் போய் நின்றேன். பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அதப் பையில போடு தம்பி. போய் மூணாம் கட்டில் தாத்தாவுக்கு வாயைப் பாரு” என்றார்.

எங்கள் வீட்டில் வாய் பார்ப்பது என்றால் வேலைவெட்டி இல்லாமல் வேடிக்கை பார்ப்பது. சிஸ்டர் சொன்னது வேறு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், அரை ஸ்பூன் ஆப்பச் சோடா, துண்டு துண்டாக வெட்டிய காஸ் துணி. துணியை நனைத்து, பிழிந்து, முதலில் உதடு, பிறகு ஈறு, நாக்கு, கடைசியாக மேலண்ணம். வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சை, சொட்டு மருந்து தடவ வேண்டும். நாக்கின் பின்பக்கம் போனால் குமட்டும். முடித்ததும் உதட்டில் லேசாக வாசலின். நான் முதல் தடவை தண்ணீரை அதிகமாக விட்டுவிட, தாத்தாவுக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்து அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புதுசாக வந்த வேலைக்காரப் பையனைப் பார்க்கிற பொறுமைதான் இருந்தது.

நாற்பது வருஷம் புகையிலை அடக்கிய கன்னம் அது. புண் வெளியே வரை துளைத்துக்கொண்டு வந்திருந்தது. வலியைவிட அந்த நாற்றம்தான் அவரைத் தனிமைப்படுத்தியிருந்தது. பேத்தி வாசற்படியோடு நின்றுவிடுவாள். சிஸ்டர் மெட்ரோனிடசோல் மாத்திரைகளை நுணுக்கிப் பொடியாக்கிப் புண்ணில் தூவுவார். எனக்குத் தெரிந்து அது சீதபேதிக்கான மாத்திரை. பரீட்சைக்கு அப்படித்தான் படித்திருந்தேன். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள்தான் அந்த நாற்றத்துக்குக் காரணம், அவற்றை இது கொல்லும் என்பதை மூன்றாம் கட்டிலில்தான் கற்றேன். அடுத்த ஞாயிறு போனபோது பேத்தி கட்டிலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

குணப்படுத்த முடியாதவர்களின் வேதனையைத் தணிக்கும் இந்தத் துறைக்கு இன்றைய வடிவம் கொடுத்த சிசிலி சாண்டர்ஸும் இப்படித் தொண்டராகத்தான் தொடங்கினார் என்பது பிறகு தெரிந்தது. நர்ஸாகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்தவர், லண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்துக்கு ஓய்வு நேரத்தில் போய் உதவினார். வலி வந்து கதறிய பிறகு கொடுக்காமல், வலி வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்து மார்ஃபின் கொடுப்பதை அங்கே கண்டார். பிறகுதான் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, 1957இல், 40ஐ நெருங்கும் வயதில், டாக்டரானார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். நம் பக்கத்தில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் என்ற இல்லம் வந்தது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வேலை, அக்கம்பக்கத்து மனிதர்களையே தொண்டர்களாக்கி வீடு வீடாகப் பரவியது.

எங்கள் இல்லத்திலும் அந்தக் கடிகாரம்தான். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் மார்ஃபின். ராத்திரி படுக்கும்போது மட்டும் இரட்டிப்பு, நடுவில் எழுப்பாமல் இருக்க. கூடவே மலமிளக்கி. “வெளிக்குப் போனீங்களா?” என்று கேட்காமல் மார்ஃபினைக் கையில் எடுத்தால் சிஸ்டர் கையிலேயே அடிப்பார். 1985 போதைப்பொருள் சட்டம் அந்த மாத்திரையைக் கிட்டத்தட்டக் கடத்தல் சரக்காக்கியிருந்தது. 2014இல் திருத்தம் வந்தது. ஆனால் டாக்டர்களின் மனதில் ஊறிய பயத்துக்கு இன்னும் திருத்தம் வரவில்லை.

நான் செய்த பெரிய தப்பு எட்டாம் கட்டிலில். ஒரு அம்மா கணவருக்குப் பாலில் ஊறவைத்த இட்லியை ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடிக்கொள்கிறார், இவர் விரலால் திறக்கிறார். “ஒரே ஒரு வாய்ங்க.” நான் போய், கடைசிக் கட்டத்தில் உடம்புக்கே பசி இருக்காதும்மா, சாப்பிடாததால் அவர் சாகவில்லை, சாகப்போவதால்தான் சாப்பிடவில்லை என்று வைவாவில் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். சொன்னதில் பிழையில்லை. அந்த அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, கையில் ஈரத் துணியைக் கொடுத்தார். “வாய் காயாம பாத்துக்கங்கம்மா. இப்ப அவருக்கு இதுதான் சாப்பாடு.” முப்பது வருஷம் ஆக்கிப்போட்ட கையைச் சும்மா இருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

தாத்தாவால் பேச முடியாது. பேத்தியின் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். கதிர்வீச்சு கொடுத்ததில் வாய் வறண்டுபோய், எச்சில் தொட்டு அழிக்கக்கூட எச்சில் இல்லை. துண்டு நுனியால் துடைப்பார். மகன் என்னை வராந்தாவில் நிறுத்தி, “அப்பாவுக்கு விஷயம் தெரியாது, சொல்லிடாதீங்க தம்பி” என்று கெஞ்சிய அதே மத்தியானம், உள்ளே அவர் எழுதினார்: ‘நான் போகப்போறது பையனுக்குத் தெரியுமா?’ என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முன்பு ஒருமுறை சிஸ்டர் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. “அவரு தெரிஞ்சா என்ன செய்வாருன்னு நினைக்கிறீங்க தாத்தா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மின்விசிறி பல சுற்று சுற்றியது. அவர் துடைத்துவிட்டு மெதுவாக எழுதினார்: ‘கூப்பிடு.’

இப்போது நான் மாணவர்களைக் கூட்டிப்போகிறேன். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து பணம் பெறும், ஹாஸ்பைஸ் எனப்படும் இத்தகைய சேவைகளில், நோயாளிக்கான பணி நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்காவது தொண்டர்கள் உழைக்க வேண்டும் என்பது விதி. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் அங்கே போய் உழைத்து, அதை விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். நமக்கு நீட் மதிப்பெண் போதும். அதனால் என்னிடம் வருகிறவர்கள் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு வருகிறவர்கள்தான். சர்டிஃபிகேட் கிடைக்குமா சார் என்று கேட்பவர்களும் உண்டு. கிடைக்கும் என்றே சொல்கிறேன். எதற்காக வந்தாலும் துணியை நனைத்துப் பிழியத்தான் வேண்டும். இரண்டாம் வாரம் வராதவர்களை நான் குறை சொல்வதில்லை. முதல் ஞாயிறு முடிந்து பஸ் ஸ்டாண்டில் நான் வாந்தியெடுத்தது அவர்களுக்குத் தெரியாது.

தாத்தா ஒரு ஞாயிறு விடியற்காலை போனார். முந்தைய இரவு நான் அங்கேதான் இருந்தேன். தொண்டையில் கரகரவென்று சத்தம். ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் கொஞ்சம் தணிந்தது. மகன் ஒரு சொம்பில் பால் கொண்டுவந்திருந்தார். ஊற்றினால் புரையேறும், ஊற்றவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. காஸ் துணி ஒன்றைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து அவர் கையில் கொடுத்தேன். உதட்டில் தடவிவிட்டு, “போதுமா தம்பி?” என்று கேட்டார். குனிந்து வாயைப் பார்த்தேன். ஓரத்தில் இன்னும் காய்ந்திருந்தது.

“இந்தப் பக்கம் கொஞ்சம்ண்ணே” என்றேன்.