பழவேற்காட்டுக் கரையோரம் – 4: தலைக்கட்டில் பேர் ஏறுவது

கோட்டைக்குப்பத்தில் ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆனால் ஏரியின் கணக்கே மாறும். நேற்றுவரை அப்பாவின் படகில் கழி ஊன்றிக்கொண்டிருந்தவன் இன்று ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டு. ஊர் வரியில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு, ஊர்க் கூட்டத்தில் அவனுக்கும் ஒரு குரல் உண்டு. ஏரியில் பாடு பிரிக்கும்போது அவன் பேரும் சீட்டில் இருக்கும்.

சென்ற இதழில் டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும், அவர்களுடைய கல்லறைகளையும் பார்த்தோம். இந்த இதழில் கோட்டையின் பேரைத் தாங்கி நிற்கும் குப்பத்துக்குள் போகிறோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்றும் பட்டினவர் என்னும் மீனவச் சாதியினரின் ஊர்கள். பழவேற்காட்டு ஏரியின் தென்கோடியில், கடல் ஏரிக்குள் புகும் முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் வலை கட்டும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாக இவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துவருகிறார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு.

ஏன் அந்த இடத்துக்கு இத்தனை கட்டுப்பாடு? அதற்கு இறாலின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமில்லாத நீரில் வளர்கின்றன. ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் மழைநீர்தான் அந்தக் கலப்புக்கு ஆதாரம். வளர்ந்த இறால் மறுபடி கடலுக்குத் திரும்பும்போது வற்றுநீரின் இழுப்போடு அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஓட்டத்தின் குறுக்கே கழிகளை நட்டு வலையைக் கட்டுகிறவனுக்கு ஒரே இரவில் நல்ல வரும்படி கிடைக்கும். நூறு முழம் தள்ளிக் கட்டியவன் வெறும் வலையோடு திரும்பவும் கூடும்.

ஆக, இந்தத் தொழிலில் திறமையும் உழைப்பும் மட்டும் போதாது, இடமும் அமைய வேண்டும். நல்ல இடங்களோ சில. முந்தியவனுக்கு முதலிடம் என்று விட்டிருந்தால் வலுத்தவனும் பெரிய படகுக்காரனும் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதைத் தடுக்கத்தான் சீட்டு. குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. குப்பத்துக்குள் தலைக்கட்டுகளுக்கு இடம் பிரிக்கப்படுகிறது. நல்ல இடம் இன்று ஒருவருக்கு விழுந்தால் இன்னொரு நாள் அடுத்தவருக்கு வரும். பண்டிகைக்குக் கடன் வாங்கியவருக்கும் கான்கிரீட் வீடு கட்டியவருக்கும் ஏரியில் ஒரே பங்கு.

படகுத்துறையை ஒட்டிய டீக்கடையில், வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"இந்தத் தலைக்கட்டுல சேரணும்னா என்ன வழிங்க ஐயா?"

"இங்க பொறக்கணும் தம்பி. பொறந்து, தொழில் கத்துக்கணும். கல்யாணம் கட்டணும். அப்பால ஊரு கூடிப் பேர் ஏத்தும்."

"வெளியூர்க்காரர் யாராவது வந்து கேட்டா?"

"வீட்டுக்கு வா, சாப்புடு, எத்தன நாள் வேணும்னாலும் இரு. பாடு மட்டும் கேக்காத."

அவர் இதைச் சொன்னபோது குரலில் கடுமை துளியும் இல்லை. வீட்டு எல்லையைக் காட்டுவதுபோல இயல்பாகச் சொன்னார்.

மனிதர்கள் உலகெங்கும் சகோதர சபைகளை அமைத்துக்கொண்டுதான் வாழ்ந்திருக்கிறார்கள். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில், எழும்பூரில், ஃப்ரீமேசன் சபைக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே சேர விரும்புகிறவர் தாமே கேட்க வேண்டும், உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர்கள் வாக்களிக்க வேண்டும். பழவேற்காட்டில் கேட்டுச் சேர வழியில்லை. பிறப்பு ஒரு கதவு, கல்யாணம் இன்னொரு கதவு. ஆனால் உள்ளே போனபின் கிடைப்பது வெறும் உறவல்ல, அடுப்பெரிய வழி.

இப்படிப்பட்ட ஏற்பாடு இங்கே மட்டும் இல்லை. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இறாலுக்குக் கழிவலை கட்டும் உரிமை நான்கு மீனவர் சங்கங்களிடம் இருக்கிறது. அங்கேயும் சீட்டு உண்டு, முறை உண்டு, உறுப்பினரின் மகன் என்ற தகுதியும் உண்டு. அந்த வழக்கத்தை 1958இல் அரசே விதிகளாக்கி ஏற்றுக்கொண்டது. துருக்கியில் அலன்யா என்ற ஊரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் மீனவர் பட்டியல் போட்டு, பேர் வைத்த மீன்பிடி இடங்களுக்குச் சீட்டு எடுக்கும் வழக்கம் இருந்தது. பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள்.

அந்த அலன்யாவை உலகம் கவனிக்கச் செய்தவர் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம். பொதுவில் கிடக்கும் வளம் ஆளாளுக்கு அள்ளி அழிந்தே போகும் என்று சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதியதைப் பலரும் நம்பியிருந்த காலத்தில், ஊர்கள் தாமே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காப்பாற்ற முடியும் என்று 1990இல் வெளிவந்த தம் நூலில் அவர் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். பழவேற்காட்டுக் குப்பங்களில் எவரும் அந்த நூலைப் படித்திருக்கத் தேவையில்லை. அது சொல்வதை அவர்கள் ஏற்கெனவே செய்துவந்திருக்கிறார்கள்.

இத்தனை மதிப்போடு இதைப் பார்ப்பதால்தான் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இதே ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்தேன். பனையோலைப் பறியைத் தொங்கவிட்டுக்கொண்டு, குனிந்தபடியே நேரம் போவது தெரியாமல் தேடுகிறார்கள். அவர்கள் பேர் எந்தத் தலைக்கட்டிலும் ஏறாது. கரையோர ஊர்களில் இருக்கும் தலித் மக்களும் மற்றச் சாதியினரும் ஏரியில் மீன்பிடிக்கிறார்கள், ஆனால் பாட்டு நீர் அவர்களுக்கு இல்லை. நீரில் பங்கு கேட்டு எழுந்த சண்டைகள் இந்தக் கரையில் உண்டு. பட்டினவர் வீடுகளுக்குள்ளும் முழு நியாயம் இல்லை. இறாலைப் பிரித்து, விலை பேசி, சந்தைக்குக் கொண்டுபோகிற பெண்ணின் பேர் தலைக்கட்டுப் பட்டியலில் கிடையாது.

பாட்டுக்காரர்களின் பதிலையும் கேட்டேன். "எல்லாரையும் சேத்துக்கிட்டா ஆளுக்கு எத்தன நாள் வரும்?" என்றார் நடுவயதுக்காரர் ஒருவர். நியாயமான கேள்விதான். ஏரி சுருங்கிவருகிறது. மணல் மேவி முகத்துவாரம் அடைபடும்போது இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வந்தபின் கரையின் போக்கே மாறிவிட்டதாக மீனவர்கள் சொல்கிறார்கள். தலைக்கட்டு பெருகப் பெருக ஒருவருக்கு முறை வரும் நாட்கள் தள்ளிப் போகின்றன. முறை இல்லாத நாட்களில் சில இளைஞர்கள் கட்டுமான வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். ஆனாலும் பாட்டிலிருந்து பேரை எடுக்க எவருக்கும் மனம் வருவதில்லை. வரும்படி குறைந்தாலும் அது ஊரில் அவர்கள் யார் என்பதற்கான சாட்சி.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இந்த மூன்று குப்பங்களும் உலகத்துக்குக் கற்றுத்தரக்கூடிய ஒன்று அவர்களிடம் இருக்கிறது: பற்றாக்குறையைத் தங்களுக்குள் சண்டையில்லாமல் பங்கிடும் கலை. அதைச் சாதியின் சொத்தாக வைத்திருக்கும்வரை வெளியே நிற்பவருக்கு அது நியாயமாகத் தெரியாது. நியாயமாகத் தெரியாத முறையைக் காப்பாற்ற வெளியிலிருந்து எவரும் கைகொடுக்க வரமாட்டார்கள். நாளை முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லியும், ஏரிக்குள் ஆலைக்கழிவு வரக்கூடாதென்றும் கேட்க வேண்டியிருக்கும்போது ஏரியைச் சுற்றியுள்ள எல்லா ஊரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இருளர் பெண்ணும் அந்த வரிசையில் நிற்க வேண்டுமானால் அவளுக்கும் சீட்டில் ஒரு பேர் வேண்டும். பாட்டை ஒழிக்க வேண்டாம். அதன் விதிகளை வைத்துக்கொண்டே, அதன் பட்டியலை ஏரியளவுக்கு விரிக்கலாம். எதிரெதிர் வீட்டுக்காரர்களைச் சமமாக உட்காரவைக்கத் தெரிந்த ஊருக்கு அடுத்த ஊர்க்காரரையும் உட்காரவைப்பது முடியாத காரியம் இல்லை.

அடுத்த இதழில் பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போவோம். மணல் அடைத்த வாசலைத் திறக்க மீனவர்கள் என்ன செய்கிறார்கள், அரசு என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே கேட்போம்.